வேர்டில் சரி, ஈபப்பில் குப்பை: பழைய எழுத்துருச் சிக்கல்

வேர்டு கோப்பை ஈபப் என்ற மின்னூல் வடிவத்துக்கு மாற்றியதும் தமிழ் குப்பையாகிறதா? ஈபப் மாற்றியில் கோளாறு இல்லை, எழுத்துருவில்தான். அப்பாவின் மலேசிய சுங்கை சிப்புட் தோட்டக் கதை வேர்டில் நன்றாகத் தெரிந்து, மின்னூலில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறுகிறதென்றால், பெரும்பாலும் அது பாமினியில் தட்டியது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு அது. படிப்புச் செயலி தன் எழுத்துருவைப் போட்டதும் வேஷம் கலைந்துவிடுகிறது.

ஒரு வரியைத் தேர்ந்து, எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கேயும் சிதறினால் சந்தேகமே வேண்டாம். முழுவதையும் பாமினி–யூனிகோடு மாற்றியில் போட்டு எடுங்கள்.

சம்பளக் கணக்கு வரும் பக்கங்களில் மட்டும் கவனம். ரிங்கிட்டுக்கு ஆங்கிலத்தில் போட்ட ஆர்எம் (RM) என்பதையும் மாற்றி பாமினி என்றே எடுத்துக்கொள்ளும், அது 'சுஆ' ஆகிவிடும்! அதைத் தேடித் திருத்துங்கள். ரூமியில், அதாவது மலாய்க்குப் பயன்படும் ஆங்கில எழுத்தில், எழுதிய ஊர்ப்பெயர்களுக்கும் இதே கதிதான்.

பாமினியையே கோப்புக்குள் பொதிக்கலாமே என்பார்கள். வேண்டாம், தேடல் வேலை செய்யாது, வாசகர் எழுத்துருவை மாற்றினால் மறுபடி குப்பை.