சிரிக்க வைக்கும் துப்பாக்கி வீடியோக்கள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 26 வருடமாகத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக லைசென்ஸ் புதுப்பிப்பது, இரும்புப் பெட்டி வாங்குவது பற்றித்தான் கடிதம் வரும். இந்த மாதம் வந்ததில் பாதிக்கு மேல் யூடியூபிலும் டிக்டாக்கிலும் ஓடும் வேடிக்கைத் துப்பாக்கி வீடியோக்களைப் பற்றி. அதனால் மற்றவற்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

ஒல்லியான பெண் ஒருத்தி கையில் பெரிய துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொல்கிறார்கள். அது உதைத்து அவள் பின்னால் சாய்கிறாள், சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. யார் பக்கம் நியாயம்?
(வாசகர், வெருலம்)

உங்கள் மனைவி பக்கம், ஐயா.

துப்பாக்கி உதைக்கும்போது குழல் மேலே கிளம்பும். பழக்கமில்லாத கை பயத்தில் பிடியை இறுக்கும். பிடி இறுகும்போது ட்ரிகரில் இருக்கும் விரலும் சேர்ந்து இறுகும். உள்ளே இன்னொரு தோட்டா இருந்தால் அது வானத்துக்கும் போகலாம், சுடுபவரின் தலைக்கும் போகலாம். அதனால்தான் புதிதாக வருபவர் யாராக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு தோட்டா போட்டுத்தான் கையில் கொடுப்பேன். அதைச் சுட்டு முடித்து, கை நிதானப்பட்ட பிறகுதான் அடுத்தது.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனாவில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி கையில் உசி (Uzi) என்கிற சிறிய இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். முதலில் ஒரு குண்டு, சரியாகச் சுட்டாள். அடுத்து தொடர்ந்து சுடும்படி மாற்றிவிட்டார்கள். துப்பாக்கி அவள் பிடியை மீறி மேலேறித் திரும்ப, குண்டு பக்கத்தில் நின்ற பயிற்றுநரின் தலையில் பாய்ந்தது. அவர் இறந்துபோனார். பெற்றோர் அதை ஆசையாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் தொழில்காரர் அவர். நினைக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

நீங்கள் பார்த்த வீடியோவை மறுபடி ஓட்டுங்கள். இந்த முறை அந்தப் பெண்ணின் முகத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவனின் கைகளைப் பாருங்கள். பொறுப்புள்ளவன் அவள் தோளை ஒட்டி நிற்பான், ஒரு கை அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், இன்னொரு கை துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். சிரிப்புக்காக எடுப்பவனின் இரண்டு கையும் போனில் இருக்கும்.

என் பேரனுக்கு 13 வயது. ராத்திரி படுக்கையில் துப்பாக்கி வீடியோ பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். என் தம்பியை அவன் கடையிலேயே கொள்ளைக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது. போனைப் பிடுங்கிவிடலாமா?
(ஒரு பாட்டி, சாட்ஸ்வர்த்)

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் சிநேகிதன் போனில் பார்ப்பான். உங்கள் தம்பிக்கு நடந்தது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தெரியாதென்றால் நீங்களே சொல்லுங்கள். அவனைக் கடிந்துகொள்ளச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் உங்களை என்ன செய்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பார்த்தால் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பார்க்கட்டும். அவன் பெற்றோரிடம் சொல்லி யூடியூபில் பிள்ளைகளுக்கான மேற்பார்வைக் கணக்கு வைத்துக் கொடுக்கச் செய்யுங்கள்.

எல்லாத் துப்பாக்கி வீடியோவும் ஒன்றில்லை, அம்மா. டென்னசியில் ஹிக்காக்45 என்று ஒரு பெரியவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். புல்வெளியில் நின்று பூசணியையும் சோடா பாட்டிலையும் சுடுவார், வகுப்பில் பேசுவதுபோல நிதானமாக விளக்குவார். அரிசோனாக்காரர் இயன் மெக்கோலம் பழைய துப்பாக்கிகளைக் கழற்றிக் காட்டிச் சரித்திரம் சொல்வார். இங்கே ஆங்கிலேயரோடு போரிட்ட டச்சு வம்சத்துப் போயர்கள் கையிலிருந்த மௌசர் துப்பாக்கியைப் பற்றித் தெரிந்துகொண்டால் நம் கதையும் கூட வரும். 1900 ஜனவரியில் ஸ்பியோன்கோப் மலையில் அந்த மௌசரில் அடிபட்டவர்களைத் தூக்குக் கட்டிலில் சுமந்து இறக்கியவர்களில் காந்தி சேர்த்த இந்தியப் படையும் உண்டு. சுமார் 1,100 பேர், பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள், நம் தமிழரும் அதில் இருந்தார்கள். பேரனை ஒரு விடுமுறையில் அந்த மலைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். டர்பனிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பிவிடலாம்.

நானும் மூன்று சிநேகிதர்களும் சிரிப்பு வீடியோ எடுக்கிறோம். கறுப்பு பிளாஸ்டிக் துப்பாக்கியோடு தெருமுனைக் கடைக்குள் ஓடிப்போய்க் கடைக்காரரைப் பயமுறுத்தி, பிறகு 'சும்மா' என்று சொல்வதாக யோசனை. பொம்மைதானே, அங்கிள்?
(16 வயது, பீனிக்ஸ்)

தம்பி, செய்யாதே. முன்கூட்டிக் கேட்டாயே, அதற்கு என் நன்றி.

நம் நாட்டுச் சட்டத்தில் நிஜத் துப்பாக்கியை ஒருவர் மேல் காரணமில்லாமல் நீட்டுவது குற்றம், தோட்டா இல்லாவிட்டாலும். பார்த்தால் துப்பாக்கி என்று நம்பவைக்கும் எதை நீட்டினாலும் குற்றம்தான். பிளாஸ்டிக் என்பது உனக்குத் தெரியும். கல்லாவுக்குக் கீழே கைவைக்கும் கடைக்காரருக்குத் தெரியாது. கூப்பிட்ட இரண்டு நிமிடத்தில் வந்து இறங்கும் செக்யூரிட்டிக்காரனுக்கும் தெரியாது. அதிலும் நீ இருப்பது பீனிக்ஸ். 2021 ஜூலைக் கலவரத்தில் அந்தத் தெருக்களில் விழுந்த உயிர்களை இந்தியர், கறுப்பர் என இரு பக்கத்திலும் யாரும் மறக்கவில்லை.

படம் எடு. கடைக்காரரிடம் முதல் நாளே போய்க் கேள், அவரையும் நடிக்க வை. துப்பாக்கிக்குப் பதில் வாழைப்பழத்தைப் பிடி. கொள்ளையடிக்க வந்தவன் பசியில் தன் ஆயுதத்தையே உரித்துத் தின்றால் நான் நிச்சயம் சிரிப்பேன். எடுத்தால் எனக்கு அனுப்பு.

நன்றாகத் தெரிந்தவர்கள் செய்தால் ஆபத்து இல்லைதானே?
(லெனேசியா)

குறையும், போகாது. 'கென்டக்கி பாலிஸ்டிக்ஸ்' என்ற யூடியூப் சேனலை நடத்துபவர் அனுபவசாலி, கண்ணாடி காதுமூடி இல்லாமல் சுடமாட்டார். 2021 ஏப்ரலில் .50 ரகப் பெரிய துப்பாக்கியில் பழைய தோட்டா ஒன்றைப் போட்டுச் சுட்டார். அழுத்தம் தாங்காமல் பின்மூடி பிய்த்துக்கொண்டு துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்ந்தன. கழுத்து ரத்தக் குழாய் அறுந்தது. தன் கட்டைவிரலையே காயத்துக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்பா கூட இருந்ததால் பிழைத்தார். பிறகு நடந்ததை மறைக்காமல் வீடியோவாகவே போட்டார். அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்கு மதிப்பு.

விஷயம் தெரியாதவர் கதை வேறு. 2017 ஜூனில் மினசோட்டாவில் 22 வயது இளைஞர் ஒருவர் தடித்த கலைக்களஞ்சியத்தை மார்பில் பிடித்துக்கொண்டு, யூடியூபுக்காகக் காதலியைச் சுடச் சொன்னார். வேறொரு புத்தகத்தில் குண்டு நின்றிருக்கிறது. அதை நம்பினார். டெசர்ட் ஈகிள் கைத்துப்பாக்கி, ஒரு அடி தூரம். இந்த முறை நிற்கவில்லை. அந்தப் பெண் அப்போது கர்ப்பமாக இருந்தாள்.

எங்கள் சுடுதளத்திலும் ஒருநாள் இருபது வயதைக் கடந்த ஒரு பையன், பார்த்த வீடியோக்களை நம்பி நேராக வரிசையில் நின்றான். இரண்டு குண்டு சுட்டான், சந்தோஷத்தில் சிநேகிதனின் போனைப் பார்த்துத் திரும்பினான். கையில் துப்பாக்கி, விரல் ட்ரிகரில். குழல் மூன்று பேரின் வயிற்றுக்கு நேராகக் கடந்து போனது. மணிக்கட்டைப் பிடித்து இலக்குப் பக்கமே திருப்பி நிறுத்தினேன். உள்ளே எட்டுத் தோட்டா பாக்கி இருந்தது. அன்றைக்குப் பிறகு சுடும் வரிசையில் யாரும் போன் எடுக்க நான் விடுவதில்லை.

லைசென்ஸ் எந்த வயதில்?
(பெனோனி)

21. அதற்கு முன் பயிற்சி, தேர்வு, தகுதிச் சான்றிதழ்.

வீடியோவில் சிலர் காதை மூடாமலே சுடுகிறார்களே. சனிக்கிழமை என் முதல் வகுப்புக்கு வருகிறேன், எனக்கும் வேண்டாமே?
(இசிப்பிங்கோ)

வேண்டும். போனின் மைக் அந்தச் சத்தத்தை வெட்டிச் சின்னதாக்கித்தான் பதிவு செய்யும், அதனால் உங்களுக்குப் பட்டாசு மாதிரிக் கேட்கிறது. நேரில் துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். என் இடது காதில் 1988 முதல் ஒரு ரீங்காரம் விடாமல் இருக்கிறது, தூங்கும்போதுகூட. காதுமூடி இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் வாசலில் நீலப் பெட்டி இருக்கும், அதிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே வாருங்கள்.