மூட்டு மாத்திரையும் வறட்டு இருமலும்

கேள்வி: மாமியாருக்கு 61 வயசு, முடக்குவாதம். எட்டு மாசமா திங்கக்கிழமைக்கு திங்கக்கிழமை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுறாங்க. விரல் வீக்கம் வத்தி, இப்பத்தான் திரும்ப உக்காந்து கைமுறுக்கு சுத்த ஆரம்பிச்சாங்க. ரெண்டு வாரமா வறட்டு இருமல், மாடிப்படி ஏறுனா பாதியில நின்னு கம்பியைப் பிடிச்சுக்கிறாங்க, மெடிக்கல்ல குடுத்த டானிக்குக்கும் கேக்கல. மாத்திரைதான் நுரையீரலைக் கெடுக்குது, எல்லாத்தையும் நிப்பாட்டுங்கன்னு பக்கத்து வீட்டு ஆச்சி சொல்றாங்க. நிப்பாட்டிடலாமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: டானிக்கை ஓரமா வச்சிட்டு இன்னிக்கே மூட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கம்மா. பாதிப்படியில நிக்கிறாங்கன்னு எழுதிருக்கீங்களே, இருமலைவிட எனக்கு அதுதான் கவலையா இருக்கு. டாக்டர் பாக்குற வரைக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் வேணாம், ஆனா கூட ஸ்டீராய்டு ஓடுச்சுன்னா அதை நீங்களா நிறுத்திடாதீங்க, பல நாள் சாப்பிட்டதை திடீர்னு விட்டா பிரஷர் இறங்கி மயக்கம் வரைக்கும் போயிடும்.

மெத்தோட்ரெக்ஸேட் ஒரு சிலருக்கு நுரையீரல்ல அலர்ஜி மாதிரி ஒரு அழற்சியைக் கொண்டுவரும், அபூர்வம்தான், ஆனா வந்தா பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்ளயே வரும், வறட்டு இருமல், மூச்சு வாங்குறது, சிலருக்கு காய்ச்சல். உங்க மாமியாருக்கு எட்டாவது மாசம், அதனாலதான் இவ்வளவு அவசரப்படுத்துறேன். கூட குடுக்குற ஃபோலிக் ஆசிட் வாய்ப்புண்ணுக்கும் ஈரலுக்கும் காவலா இருக்கும், நுரையீரலுக்கு இருக்காது. இதுதான்னு உறுதியாச்சுன்னா அந்த மருந்தை மறுபடி தொடவே கூடாது.

ஆனா ஆச்சி சொல்றது முழுசும் சரியில்ல. முடக்குவாதமே நுரையீரலைப் பிடிச்சு தழும்பாக்கும், மருந்தே சாப்பிடாதவங்களுக்கும் அது வரும். எதிர்ப்பு சக்தி குறைஞ்ச உடம்புல நிமோனியாவும் டிபியும்கூட சுலபமா புகுந்துக்கும். எதுன்னு வீட்டுல உக்காந்து சொல்ல முடியாதும்மா. ஆரம்பத்துல எக்ஸ்ரே சுத்தமா இருக்குற மாதிரி காட்டலாம், அதனால சிடி ஸ்கேன் வேணுமான்னு கேளுங்க, விரல்ல மாட்டுற ஆக்ஸிஜன் மிஷினை உக்காந்திருக்கும்போது மட்டும் பாக்காம கொஞ்சம் நடக்க வச்சும் பாக்கச் சொல்லுங்க. பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துட்டுப் போங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குனாலோ உதடு நீலம் பாரிச்சாலோ டோக்கனுக்குக் காத்திருக்காம நேரா அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க.

இன்னொண்ணு, கிளம்புறதுக்கு முன்னாடி மாத்திரை அட்டையில எத்தனை காலியாயிருக்குன்னு எண்ணிப் பாருங்க. வாரம் ஒருநாள் மாத்திரையை மறதியில தினம் போட்டுக்கிறவங்க உண்டு, அப்படின்னா அதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். விறகடுப்புப் புகைக்கிட்ட இப்போதைக்கு அவங்களை விடாதீங்க. இந்த மாத்திரை ஒத்துக்கலைன்னாலும் முடக்குவாதத்துக்கு வேற மருந்து நிறைய இருக்கு, பயப்படாம கூட்டிட்டுப் போங்க.