காலை இளவெயிலில் வைட்டமின் டி கிடைக்குமா?

தினமும் காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் நடந்தும் வைட்டமின் டி குறைவாக இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நடையில் குறையில்லை, நேரத்தில்தான்.

நம் தோலில் கொலஸ்டிராலுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதா பி (UVB) கதிர் பட்டால்தான் அது வைட்டமின் டி ஆக மாறத் தொடங்கும். பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடப்பதால், அந்தக் கதிரில் பெரும்பகுதியை ஓசோன் உறிஞ்சிவிடுகிறது. எளிய கணக்கு: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். அந்த வெயிலில் முகம், கை, கால்களில் சிறிது நேரம் படட்டும். தோல் சிவக்கும்வரை நிற்க வேண்டாம். கருத்த தோலில் மெலனின் என்ற நிறமி கதிரை வடிகட்டுவதால் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்தால் சூடு மட்டுமே மிச்சம்.

அதற்காகக் காலை நடையை விட்டுவிடாதீர்கள். அந்த ஒளி கண் வழியாக மூளைக்குச் சென்று உடலின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. இரவில் தூக்கம் நேரத்துக்கு வருவது அதனால்தான். சூரியனை நேராகப் பார்க்கத் தேவையில்லை.

மாத்திரை என்றால் மருத்துவர் சொன்ன அளவு மட்டும். வாரம் ஒன்று என எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வெயிலில் அந்த ஆபத்து இல்லை. மிகுதியைத் தோலே சிதைத்துவிடும்.