நிழலில் வண்ண இலைகள்: வாசகர் கேள்விகள்

மஞ்சள் விளிம்பு ஷெஃப்லெராவில் இரண்டு கிளைகள் மட்டும் முழுப் பச்சையாக வந்திருக்கின்றன. செழிப்பாகத்தான் இருக்கின்றன. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அந்தச் செழிப்புதான் பிரச்சினை. இலையில் வெளிறிய பகுதிக்குப் பச்சையம் மிகக் குறைவு. அங்கே செடிக்கான உணவுச் சமையல் அதிகம் நடப்பதில்லை. பச்சைக் கிளைக்கோ இலை முழுக்க அடுப்பு. வேகமாக வளர்ந்து, கொஞ்ச நாளில் மற்ற கிளைகளை அமுக்கிவிடும். நுனியைக் கிள்ளினால் போதாது, கீழ்க் கணுவிலிருந்து மறுபடியும் பச்சையாகவே துளிர்க்கும். கிளையைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்து வாருங்கள். மஞ்சள் விளிம்புள்ள இலை எங்கே தென்படுகிறதோ, அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். அப்படி ஓர் இலையும் இல்லையென்றால், கிளை பிரியும் இடத்திலேயே எடுத்துவிடுங்கள். தழைச்சத்து உரத்தையும் குறையுங்கள்.

சில சமயம் முழு வெள்ளையாகவும் ஒரு கிளை வரும். பார்க்க ஆசையாக இருக்கும், வெட்டித் தனியாக நட்டும் பார்த்திருக்கிறேன். பிழைக்கவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே சமைக்கத் தெரியாத கிளை அது.

நிழலில் வைத்த குரோட்டன்ஸ் நிறம் மங்கிவிட்டது. என்ன உரம் போடலாம்?

உரம் வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். குரோட்டன்ஸுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். நிழல் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. நண்பகலில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, மேலே கையை நீட்டுங்கள். ஓரம் மங்கலாகக் கையின் நிழல் விழுந்தால் சாங் ஆஃப் இந்தியா, ஷெஃப்லெரா போன்றவை தாங்கும். நிழலே விழவில்லையா? அங்கே எந்த வண்ண இலைச் செடியும் நாளடைவில் சோர்ந்துபோகும்.

குளிர்ப் பகுதியில் இருக்கிறோம். புள்ளி இலை ஆக்குபா நன்றாக வளர்கிறது, பழம்தான் இல்லை.

ஆக்குபாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. சிவப்புப் பழம் பெண் செடியில்தான் வரும், அதுவும் பக்கத்தில் ஆண் இருந்தால். பிரிட்டனுக்கு 1783இல் போய்ச் சேர்ந்தது பெண் செடி மட்டுமே. 1861இல் தாவரங்களைத் தேடிச் சேகரித்த ராபர்ட் ஃபார்ச்சூன் ஜப்பானிலிருந்து ஆண் செடியைக் கொண்டுவந்த பிறகுதான் அங்கே பழத்துக்கு வழி பிறந்தது. நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம், ஆண் ரகம் கேட்டு வாங்குங்கள்.

வண்ண இலைச் செடியை விதையிலிருந்து வளர்த்தால் தாய்ச்செடியின் இதே நிறம் வருமா?

பெரும்பாலும் வராது. குச்சி நடுங்கள், அல்லது பதியன் போடுங்கள்.

பெரிய மரத்தடியில் நட்ட செடிகள் எல்லாம் வாடுகின்றன. நிழல் அதிகமோ?

நிழலைவிடத் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். மேல்மண்ணின் ஈரத்தை மரத்தின் வேர்களே இழுத்துக்கொள்ளும், சாரல் மழை கீழே இறங்குவதுமில்லை. விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். அப்புறம், பெரிய கன்றாக வாங்காதீர்கள். சிறிய கன்றுதான் வேர்களின் இடுக்கில் நுழையும். முதல் இரண்டு வருடம் தவறாமல் தண்ணீர் விட்டு, காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். அது மட்டும் மரத்தின் அடித்தண்டை ஒட்டி இருக்கக் கூடாது.