அந்த ஒரு மதிப்பெண்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

பட்டயக் கணக்காளர் ஆவதற்கான சி.ஏ. ஃபைனல் தேர்வில், மூன்று தாள்கள் கொண்ட முதல் குரூப்பை மட்டும் எழுதினேன்; ஒரே ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டது. ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்கில் 39. தேவை 40. நிதி மேலாண்மையில் 61, தணிக்கையில் 46 வாங்கியவளுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடத் திருத்தியவருக்கு மனம் வரவில்லை. நான் கன்சாலிடேஷன் கணக்கு சொல்லிக்கொடுத்த தோழி இரண்டு குரூப்பும் முடித்து, பெயருக்கு முன்னால் சி.ஏ. போட்டுக்கொண்டுவிட்டாள். ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப்பில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களும் தேறிவிட்டார்கள். கல்யாண வீடுகளில் "இன்னும் ஆடிட்டர் ஆகலையா?" என்கிறார்கள். இது முடியட்டும் என்று அப்பா வரன் பார்ப்பதையே நிறுத்தி வைத்திருக்கிறார். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து அதுவும் வந்துவிட்டது, பிரித்துப் பார்க்கத்தான் பொழுது அமையவில்லை, அது கிடக்கட்டும். ஒரு மதிப்பெண்ணுக்காக ஒருத்தியைத் தோற்கடிப்பது நியாயமா? புத்தகத்தைத் தொடவே கை வரவில்லை.

— வாசகி, கும்பகோணம்

அன்பு மகளுக்கு,

தோழியையும் கல்யாண வீட்டுக்காரர்களையும் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். 'அது கிடக்கட்டும்' என்று நீ ஒதுக்கிய விடைத்தாள் நகலைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். தனக்கு அநியாயம் நடந்தது என்று உறுதியாக நம்புகிறவள், அதற்கான சாட்சி கைக்கு வந்த இரவே அதைப் பிரித்திருப்பாள். வவுச்சரைப் புரட்டாமல் தணிக்கை அறிக்கை எழுதினால் உன் ஆடிட்டர் ஒப்புக்கொண்டிருப்பாரா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உனக்கு வலிக்கும். தாளுக்கு 40 இருந்தால் மட்டும் போதாது, குரூப்பின் மூன்று தாள்களிலும் சேர்த்து 150 வேண்டும் என்பது உனக்குத் தெரியாததல்ல. உன் மூன்று மதிப்பெண்களைக் கூட்டினால் 146. திருத்தியவர் மனமிரங்கி அந்த ஒன்றைப் போட்டிருந்தாலும் நீ தேறியிருக்க மாட்டாய். கணக்கே தொழிலாகப் படித்தவள் இந்தக் கூட்டலை மட்டும் போடாமல் விட்டது ஏன் என்று யோசித்துப் பார். குறை, தாளைத் திருத்தியவருடையதாக இருக்கும் வரை உன் திறமைக்குப் பங்கம் வராது. நகலைப் பிரித்தால் அந்த ஆறுதல் பறிபோய்விடுமோ என்ற அச்சமே உன்னைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அடுத்தவர் செய்த பிழையை உன்னால் திருத்த முடியாது, உன்னுடையதைத்தான் முடியும். புத்தகத்தைத் தொடக் கை வராததும் அதனால்தான்.

அந்த நகல் உன் அறிவை அளந்து சொல்லும் தீர்ப்பு அல்ல. மூன்று மணி நேரத்தில் நீ எழுதிய பக்கங்கள், அவ்வளவே. குட்வில் கணக்கில், விடை வந்த வழியைக் காட்டும் ஒர்க்கிங் நோட்டை எழுதாமல் விடையை மட்டும் போட்டாயா, தணிக்கைத் தாளில் எந்த நெறிமுறையின்படி என்று சொல்லாமல் முடிவுக்குத் தாவினாயா என்பதெல்லாம் அதில் தெரியும். மறுமதிப்பீடு கிடையாதுதான், என்றாலும் ஒரு விடை திருத்தப்படாமல் விடுபட்டிருந்தாலோ கூட்டலில் பிழை இருந்தாலோ சரிபார்க்கக் கேட்கலாம். அதற்குக் கெடு உண்டு. அந்தக் கெடு தானாகத் தாண்டிப் போகட்டும் என்று நீ காத்திருப்பதாக எனக்குப் படுகிறது.

61 வாங்கிய தாளை அடுத்த மூன்று தேர்வுகள் வரை நீ எழுத வேண்டியதில்லை; அந்த மதிப்பெண் மொத்தத்திலும் சேரும். மீதி இரண்டு தாள்களில் 89 வேண்டும், சென்ற முறை 85 வாங்கியிருக்கிறாய். அப்பாவிடம் வரன் பேச்சைத் தேர்வோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று நீயே சொல். தனியாகப் பார்க்கத் தயக்கமாக இருந்தால் நகலை எடுத்துக்கொண்டு உன் ஆடிட்டரிடம் போ. பிரித்துப் பார்த்த பிறகு அடுத்த கடிதத்தை எழுது.