கதவைச் சாத்திக்கொண்டு டெண்டர் பற்றி எழுதுகிறவருக்கு

கேள்வி: எனக்கு 32 வயது. பி.காம். படித்திருக்கிறேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். எட்டு மாதமாக வீட்டிலிருந்தே கட்டுரை எழுதுகிறேன். அரசு டெண்டர் எடுக்க உதவும் ஒரு நிறுவனத்துக்காக, கூகுளில் தேடினால் மேலே வருகிற மாதிரி எழுதித் தர வேண்டும். நாற்பது கட்டுரைக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் சொல்கிற வார்த்தையைத் தலைப்பில், முதல் பத்தியில், நடுவில் என்று பதினைந்து இடத்தில் வைக்கிறேன். ஒன்றுகூட முதல் பக்கத்தில் வரவில்லை. கட்டுரைக்கு 400 ரூபாய் தந்தவர்கள் இப்போது 250 ஆக்கிவிட்டார்கள். 18,000 ரூபாய் கட்டி எஸ்.இ.ஓ. கோர்ஸ் படித்தால் சரியாகும் என்கிறார்கள். கணவர் வேண்டாம் என்கிறார். வீட்டிலும் நிம்மதியாக எழுத முடியவில்லை. மாமனார் பழைய காண்ட்ராக்டர். அத்தை இறந்து மூன்று வருஷம் ஆகிறது. நான் எழுத உட்கார்ந்தால் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பழைய கதை பேசுவார். 'உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் இருந்தால் எந்த டெண்டருக்கும் இ.எம்.டி. (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை) கட்ட வேண்டாம்' என்ற என் கட்டுரையை ஒருநாள் படித்துவிட்டு, "ரோடு வேலைக்கெல்லாம் இது செல்லாதும்மா" என்றார். தொழிலை விட்டுப் பத்து வருஷம் ஆனவரிடம் என்ன வாதம் செய்வது? இப்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். கோர்ஸில் சேரட்டுமா, இந்த வேலையையே விட்டுவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்

பதில்: "ரோடு வேலைக்கெல்லாம் இது செல்லாதும்மா" என்றாரே, ஏன் செல்லாது என்று அவரிடம் கேட்டீர்களா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. வீட்டிலிருந்து எழுதிச் சம்பாதிக்கும் பெண்களிடமிருந்து எனக்கு நிறையக் கடிதம் வருகிறது. கூலியைக் குறைத்துவிட்டார்கள், கோர்ஸ் படிக்கச் சொல்கிறார்கள், வீட்டில் யாரும் மதிப்பதில்லை என்று எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் எழுதும் விஷயத்திலேயே பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்கிறார், அவருக்கு எதிரே கதவைச் சாத்துகிறேன் என்று இதுவரை யாரும் எழுதியதில்லை. நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கோர்ஸுக்குப் போய்விட்டீர்கள். நான் அந்தக் கதவைத் தாண்டிப் போவதாக இல்லை.

முதலில் ஒன்று. உங்கள் மாமனார் சொன்னது சரி. உங்கள் கட்டுரைதான் தவறு.

குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை 2012-ல் வந்தது. அது மத்திய அரசின் துறைகளையும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவது. ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் இந்தச் சிறிய நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அதில் 4 சதவீதம் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களிடம், 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களிடம் என்பது இன்றுள்ள கணக்கு. இ.எம்.டி. விலக்கு அந்தக் கொள்கையிலிருந்து வருவதுதான். பொருள் தயாரித்துக் கொடுப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் அது உண்டு. ரோடு போடுவது, கட்டடம் கட்டுவது போன்ற வேலைகள் அதற்குள் வராது. நம் மாநிலத் துறைகளின் டெண்டருக்கு வேறு சட்டம் இருக்கிறது. 1998-ல் வந்த தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ல் வந்த அதன் விதிகளும்தான் அங்கே பேசும். மாநிலம் யாருக்கு என்ன சலுகை தருகிறது என்பதை அந்த விதியிலும் அந்தந்த டெண்டர் ஆவணத்திலும்தான் பார்க்க வேண்டும். "எந்த டெண்டருக்கும்" என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய பொய் என்று உங்களுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது இதைப் படிக்கப்போகிறவரை நினைத்துப் பாருங்கள். முதன்முறையாக டெண்டர் போடும் ஒரு பையன். உங்கள் கட்டுரையை நம்பி, இ.எம்.டி. கட்டாமல் உத்யம் சான்றிதழை மட்டும் இணைத்து ஒரு சாலை வேலைக்குப் போடுகிறான். தொழில்நுட்பக் கவரைத் திறந்ததுமே அவனைத் தள்ளிவிடுவார்கள். அவன் எவ்வளவு விலை போட்டான் என்று யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள்.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. என் அண்ணன் சின்னச் சின்ன காண்ட்ராக்ட் எடுத்தவர். ஒரு சுற்றுச்சுவர் வேலைக்கு இ.எம்.டி. கட்ட அம்மாவின் வளையல்களை அடகு வைத்தோம். ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிற்று என்று டெண்டரைத் தள்ளினார்கள். பணம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆனது. வட்டி அதற்குள் ஏறிவிட்டது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்ல அன்றைக்கு எங்களுக்கு ஒரு ஆள் இல்லை. உங்கள் வீட்டில் அந்த ஆள் இருக்கிறார். நீங்கள் கதவைச் சாத்துகிறீர்கள்.

"பழைய கதை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதையில் என்ன இருக்கும் என்று நான் சொல்லட்டுமா? உதவிப் பொறியாளர் வந்து அளந்து எம் புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்றாதவரை வேலை முடிந்தாலும் முடியாததுதான் என்பது இருக்கும். மேலதிகாரி அந்த அளவைச் சரிபார்த்த பிறகுதான் பில் நகரும் என்பது இருக்கும். அஸ்திவாரத்தை மண் போட்டு மூடுவதற்கு முன்பே அளவெடுக்கச் சொல்ல வேண்டும், மூடிய பிறகு கேட்டால் தகராறுதான் என்பது இருக்கும். மதிப்பீட்டுத் தொகையைவிட ரொம்பக் குறைத்துப் போட்டு எல் ஒன், அதாவது குறைந்த விலைக்காரர், ஆனால் கூடுதல் பாதுகாப்புத் தொகை கேட்பார்கள், அதற்கும் சேர்த்துப் பணம் புரட்டிவிட்டுத்தான் குறைக்க வேண்டும் என்பது இருக்கும். பில்லில் பிடித்து நிறுத்திவைத்த தொகையை, குறை வந்தால் நாமே சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுக் காலம் முடிந்ததும் நாமேதான் போய்க் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் இருக்கும். நீங்கள் நாற்பது கட்டுரையில் பதினைந்து பதினைந்து முறை "அரசு டெண்டர்" என்று எழுதியும் இதில் ஒன்றாவது வந்திருக்கிறதா?

கூகுளில் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். அதற்கும் இதுதான் பதில். ஒரே வார்த்தையைத் திணித்து எழுதுவதை ஸ்பேம் என்று கூகுளே தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. எது நல்ல பக்கம் என்று மதிப்பிடுகிறவர்களுக்கு அந்த நிறுவனம் தரும் வழிகாட்டியில், எழுதியவருக்கு அந்த விஷயத்தில் நேரடி அனுபவம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி 2022 டிசம்பரில் சேர்த்தார்கள். தேடலில் இடம் பிடிப்பதற்காக மட்டும் மொத்தமாக எழுதிக் குவிக்கும் பக்கங்களுக்கு எதிராக 2024 மார்ச்சில் தனியாக விதி வந்தது. பத்துப் பேர் எழுதியதைப் பார்த்துப் பதினொன்றாவதாக எழுதினால் அது ஏன் மேலே வர வேண்டும்? 18,000 ரூபாய் கோர்ஸ் உங்களுக்குத் தலைப்பை எங்கே வைப்பது என்று சொல்லித் தரும். எம் புக் என்றால் என்ன என்று சொல்லித் தராது. சேர வேண்டாம். இதில் உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் அவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அம்மா போன பிறகு அப்பா யாரோடு பேசுகிறார் என்று அவர் என்றைக்காவது யோசித்தாரா? மூன்று வருஷமாக மருமகளின் நாற்காலிப் பக்கம்தான் அவர் வர வேண்டியிருக்கிறது என்றால், மகன் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

வீட்டுப் பெரியவரை இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு அந்தப் பக்கம் கதவைச் சாத்துவது எனக்குச் சம்மதமே இல்லை. இதை நான் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. அவர் பேச வருவதைத் தொந்தரவு என்று கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேலையைப் பொருட்டாக மதித்து, உட்கார்ந்து படித்து, தப்பைச் சொன்னவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். 250 ரூபாய் கொடுக்கிற நிறுவனம்கூட அதைப் படித்துத் திருத்தவில்லை.

இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு எழுதுகிறவருக்கு அமைதி வேண்டும் என்பது நியாயம். அதற்கு நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். காலையில் குழந்தை தூங்கும்போது ஒரு மணி நேரம் அவரோடு. நீங்கள் கேளுங்கள், அவர் சொல்லட்டும், போனில் பதிவு செய்யுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு மாமா?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். மதியம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுங்கள். ஏன் சாத்துகிறீர்கள் என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்கும், சங்கடமும் இருக்காது.

அவர் சொல்வதை அப்படியே எழுதிவிடவும் கூடாது. பத்து வருஷத்தில் நிறைய மாறிவிட்டது என்பதும் உண்மைதான். அவர் அரக்கு சீல் வைத்த கவரைப் பெட்டியில் போட்டிருப்பார், டி.டி. எடுத்திருப்பார். இன்றைக்கு மாநில டெண்டர்கள் தமிழ்நாடு டெண்டர்ஸ் தளத்தில் நடக்கின்றன, கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். மத்திய அரசின் ஜெம் என்கிற இணையக் கொள்முதல் சந்தை 2016 ஆகஸ்டில்தான் வந்தது. அவர் காலத்தில் வாட். இப்போது ஜி.எஸ்.டி. அரசுக் கட்டுமான வேலைகள் பலவற்றுக்கு 12 சதவீதமாக இருந்தது 2022 ஜூலை 18 முதல் 18 ஆனது. எங்கே வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். இன்றைய விதி என்ன என்பதை நீங்கள் தேடிப் படித்துச் சரிபாருங்கள். பி.காம். படித்தவர்தானே, இந்த வேலை உங்களுக்கு வரும்.

எப்படி என்று ஒன்றை மட்டும் காட்டுகிறேன். "பத்து லட்சத்துக்கு பில் போட்டால் கையில் எவ்வளவு வரும்?" புதிதாக வருகிற ஒவ்வொரு காண்ட்ராக்டரும் கேட்கும் கேள்வி இது. இதை அவரிடம் கேட்டால் எவையெல்லாம் பிடிப்பார்கள் என்று விரல்விட்டுச் சொல்வார். நீங்கள் இன்றைய கணக்கை வைத்து நிரப்புங்கள். வருமான வரிக்காக பில்லிலேயே பிடித்துக்கொள்ளும் டி.டி.எஸ். தனிநபருக்கு 1 சதவீதம், கம்பெனி, பார்ட்னர்ஷிப்புக்கு 2 சதவீதம். ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். 2 சதவீதம். கட்டடத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம். அப்புறம் நிறுத்திவைக்கும் தொகை. இதில் டி.டி.எஸ். இரண்டும் போன பணம் இல்லை, ஒன்று வருமான வரிக் கணக்கிலும் மற்றது ஜி.எஸ்.டி. பணக் கணக்கிலும் வரவாகிவிடும். நல நிதிக்குப் போனது திரும்பாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல பேர் லாபம் என்று நினைத்த வேலையில் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். இதை ஒரு முழுக் கணக்காகப் போட்டு எழுதுங்கள். பதினைந்து முறை எந்த வார்த்தையையும் வைக்கத் தேவையில்லை.

தலைப்புக்கும் அவரையே கேளுங்கள். அரசு அறிவிப்பில் ஒப்பந்தப்புள்ளி, முன்வைப்புத் தொகை என்று அச்சிடுவார்கள். தேடுகிறவர் டெண்டர், இ.எம்.டி. என்றுதான் தட்டுவார். "இ.எம்.டி. பணம் எப்போது திரும்ப வரும்", "என் டெண்டரை ஏன் தள்ளினார்கள்" என்று வயிற்றெரிச்சலோடு கேட்கிற மாதிரியே தலைப்பை வையுங்கள், அறிவிப்பில் இருக்கும் சொல்லை உள்ளே விளக்குங்கள். தள்ளப்பட்டவனுக்கு அதற்கு அடுத்த படியையும் சொல்லுங்கள். நம் மாநிலச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். டெண்டர் போட இரண்டு கோடி வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும், குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. பத்து நாள் போன பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்? எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள் என்பதையும் கட்டுரையிலேயே போடுங்கள், ஏனென்றால் வரம்பும் விகிதமும் மாறிக்கொண்டே இருக்கும்.

எண்ணிக்கைக்காக எழுதுவதை விடுங்கள். ஒன்று எழுதுங்கள், உருப்படியாக. அதை அந்த நிறுவனத்திடம் காட்டி, இந்தத் தரத்துக்கு இந்தக் கூலி என்று நேராகக் கேளுங்கள். தர மாட்டோம் என்றால் அங்கிருந்து கிளம்புங்கள், இப்படி எழுதத் தெரிந்தவரைத் தேடும் இடங்கள் வேறு உண்டு. கட்டுரையில் உங்கள் பெயரோடு மாமனார் பெயரும், எத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தார் என்பதும் வர வேண்டும். அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டுத்தான். வருகிற பணத்தில் அவருக்கு ஒரு பங்கு கொடுங்கள், பேரனுக்கு ஏதாவது வாங்கட்டும். பரணில் அவருடைய பழைய ஃபைல்கள் இருந்தால் இறக்குங்கள். அதில் இருக்கும் அதிகாரிகள், கூட்டாளிகள் பெயர் எதுவும் வெளியே போகக் கூடாது, அதில் கவனமாக இருங்கள்.

இதெல்லாம் நாளைக்கு. இன்றைக்கு அந்த உத்யம் கட்டுரையைத் திருத்துங்கள், இன்னொருவன் அதை நம்பி டெண்டர் போடுவதற்குள். திருத்தியதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, மூக்குக்கண்ணாடியோடு அவர் கையில் கொடுத்து, "இப்போ சரியா இருக்கா மாமா, பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள்.