லண்டனில் முதல் வீடு வாங்கும்போது எந்தச் சொலிசிட்டரிடம் (சட்டத்தரணியிடம்) போவது, அவர் என்னென்ன கேட்பார்?

கேட்டவரின் நிலைமை இது: ஹரோவில் 480,000 பவுண்டுக்கு ஒரு டெரஸ் வீடு, இவர்கள் கேட்ட விலையை (ஆஃபரை) விற்பவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கப் போகிறார்கள். வீட்டை விற்றுத்தரும் ஏஜென்ட் ஒரு சொலிசிட்டரைச் சொல்கிறார், மாமா தன் விசா வழக்கைப் பார்த்தவரைச் சொல்கிறார். யாரிடம் போவது?

நான் சொலிசிட்டர் இல்லை. லண்டனில் ஒரு சட்ட நிறுவனத்தின் கன்வேயன்சிங், அதாவது வீடு கைமாற்றும் சட்ட வேலை பார்க்கும் பிரிவில் கோப்புகள் பார்த்தவள். இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறையைத்தான் சொல்கிறேன், ஸ்கொட்லாந்தில் கதை வேறு.

முதலில் மாமாவின் ஆள். ஒருமுறை காப்பாற்றிய சொலிசிட்டரைக் குடும்ப வைத்தியர் மாதிரி எல்லாவற்றுக்கும் தேடிப் போவது நம்மவர்களின் பழக்கம். அகதி வழக்கில் கெட்டிக்காரர் வீட்டுக் கோப்பிலும் கெட்டிக்காரராக இருக்கவேண்டும் என்றில்லை. அவர் வழக்கமாகவே வீடு வாங்கும் விற்கும் வேலை செய்கிறாரா, உங்களுக்கு மோட்கேஜ் (வீட்டுக் கடன்) தரும் வங்கியின் பேனலில், அதாவது வங்கி ஏற்றுக்கொண்ட சொலிசிட்டர்கள் பட்டியலில் இருக்கிறாரா என்று கேளுங்கள். பேனலில் இல்லையென்றால் வங்கி தனக்கு இன்னொரு சொலிசிட்டரை வைக்கும். அந்தச் செலவும் தாமதமும் உங்கள் தலையில்தான் விழும்.

ஏஜென்ட் சொல்கிறவர் கெட்டவர் என்றில்லை. ஆனால் ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு ஏஜென்டுக்குப் பணம் போகிறதா என்பதை அவர்கள் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். கேளுங்கள். ஏஜென்டுக்கு வீடு சீக்கிரம் கைமாறினால் போதும், உங்களுக்கு அது மட்டும் போதாது. லைசென்ஸ்ட் கன்வேயன்சர் என்று ஒரு பிரிவினரும் இருக்கிறார்கள். சொலிசிட்டர் இல்லை என்பதற்காக அவர்களை ஒதுக்கவேண்டாம், அவர்கள் படித்ததே இந்த வேலைக்குத்தான்.

கட்டணத்தைச் சொலிசிட்டர் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் போடவேண்டும் என்பது 2018 டிசம்பரிலிருந்து விதி. ஒப்பிடும்போது மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். மலிவாகத் தெரியும் கட்டணத்தில் வாட் வரி, கவுன்சில் பதிவுகளில் வீட்டைப் பற்றித் தேடும் 'சேர்ச்' கட்டணம், லேண்ட் ரெஜிஸ்ட்ரி (காணிப் பதிவகம்) கட்டணம், வங்கிப் பரிமாற்றச் செலவு, 'அன்பளிப்புப் பணத்தைச் சரிபார்க்க' என்று ஒரு தொகை எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால் விலையைவிட முக்கியமான கேள்வி வேறு. என் கோப்பை யார் பார்ப்பார், அவர் லீவில் போனால் யார் பார்ப்பார்? இதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாத இடத்துக்கு நான் போகமாட்டேன்.

இனிக் காசு. நம் ஆட்களின் கோப்புகள் மாதக்கணக்கில் இழுபடுவது பெரும்பாலும் இங்கேதான். டெபாசிட், அதாவது கடன் போக நீங்கள் போடும் பணம், எங்கிருந்து வந்தது என்பதற்கு வங்கிக் கூற்றுகளைக் கேட்பார்கள். பணமோசடித் தடுப்புச் சட்டப்படி சொலிசிட்டர் கேட்டே ஆகவேண்டும், உங்கள் மேல் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணன் 20,000 அனுப்பினால் அது அன்பளிப்பு, வீட்டில் பங்கு கேட்கமாட்டேன் என்று அவர் எழுதித் தரவேண்டும். அவருடைய அடையாள ஆவணமும், பெரும்பாலும் அவருடைய வங்கிக் கூற்றும் கேட்பார்கள். அது உண்மையில் கடன் என்றால் கடன் என்றே சொல்லுங்கள், வங்கிக்குத் தெரியாமல் மறைத்தால் அது மோட்கேஜ் மோசடி. சீட்டுக் காசுதான் பெரிய தலையிடி. கூறி எடுத்த சீட்டை நோட்டாகக் கொண்டுவந்து ஒரே நாளில் கணக்கில் போட்டுவிட்டு, பிறகு சொலிசிட்டரிடம் விளக்கம் சொல்ல நிற்பவர்கள் நிறையப் பேர். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் கட்டுவதையும் எடுப்பதையும் வங்கி வழியாகவே செய்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஊரில் உங்கள் இருவரில் யாருடைய பெயரிலாவது வீடு இருக்கிறதா? சீதனமாக எழுதிய யாழ்ப்பாணத்து வீடு, அப்பா இறந்தபின் வந்த பங்கு, எல்லாம் கணக்கு. வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரிதான் ஸ்டாம்ப் டியூட்டி. அதில் முதல்முறை வாங்குபவருக்கான சலுகை உலகில் எங்குமே வீடு வைத்திருக்காதவருக்குத்தான். இருவர் சேர்ந்து வாங்கினால் இருவரும் அப்படி இருக்கவேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து உள்ள விகிதத்தில் கணக்குப் பார்த்தால், உங்கள் வீட்டுக்குச் சலுகையோடு 9,000 பவுண்ட். சலுகை இல்லாவிட்டால் 14,000. ஊர் வீட்டில் உங்களுக்குள்ள உரிமையின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், இரண்டாவது வீட்டுக்கான மேலதிக 5 வீதமும் சேர்ந்து 38,000 வரை போகலாம். 'அப்படியென்றால் என் பெயரில் மட்டும் வாங்குகிறேன்' என்று கணவர்மார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சேர்ந்து வாழும் தம்பதியில் ஒருவரின் வீடு மற்றவர் கணக்கிலும் ஏறும், எனவே அந்த வழி மேலதிக வரியிலிருந்து தப்ப உதவாது. பெற்றோர் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்துக்கொண்டு எழுதிய உறுதி என்றால் அதையும் சொல்லி, வரி தெரிந்தவரிடம் தனியாக ஆலோசனை கேளுங்கள். சொலிசிட்டர் படிவத்தில் கேட்கும்போது 'அது ஊரில்தானே' என்று விட்டுவிடவேண்டாம்.

சொலிசிட்டர் வந்து வீட்டைப் பார்க்கமாட்டார். அவர் பார்ப்பது காகிதத்தைத்தான். பின்புறம் இழுத்துக் கட்டியிருக்கிறார்களா, கூரைக்கடியில் லாஃப்ட்டில் அறை போட்டிருக்கிறார்களா, ஹோலுக்கு நடுவில் சுவரை எடுத்திருக்கிறார்களா என்று நீங்கள்தான் அவருக்கு எழுதிச் சொல்லவேண்டும். அப்போதுதான் கவுன்சில் அனுமதியும் பில்டிங் ரெகுலேஷன் சான்றிதழும் எங்கே என்று விற்பவரிடம் கேட்பார். சான்றிதழ் இல்லையென்றால் 'இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துவிடலாம்' என்று சமாதானம் சொல்வார்கள். அது கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நஷ்டத்துக்கு, கூரை இறங்கினால் அல்ல. அதனால் தனியாக ஒரு சர்வேயரை வையுங்கள், வங்கி செய்யும் மதிப்பீடு வங்கிக்காக. (ஃபிளாட் வாங்குபவர்கள் இதைப் படித்தால்: ஃபிளாட்டின் லீஸில் (நீண்டகாலக் குத்தகையில்) மிச்சம் 80 ஆண்டுக்குப் பக்கத்தில் என்றால் விலை பேசுவதற்கு முன்பே சொலிசிட்டரிடம் கதையுங்கள்.)

ஆஃபர் ஏற்கப்பட்டது என்பதில் சட்டப்படி ஒன்றுமில்லை. எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு தரப்பும் கையொப்பமிட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்வது, முடியும்வரை விற்பவர் வேறொருவரிடம் கூடுதல் விலைக்குப் போகலாம், நீங்களும் விலகலாம். எக்ஸ்சேஞ்சில் வழக்கமாக 10 வீதம் கட்டுவீர்கள், அதன்பின் விலகினால் அது போய்விடும். வீட்டுக் கட்டட இன்ஷூரன்ஸும் பொதுவாக அன்றே தொடங்கவேண்டும், சாவி கிடைக்கும் நாளில் அல்ல.

டெபாசிட் அனுப்பும் நேரத்தில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று சொலிசிட்டரின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தால் நம்பவேண்டாம். சேமிப்பு முழுவதையும் இப்படி மோசடிக்காரருக்கு அனுப்பியவர்கள் உண்டு. முதல் நாளே நேரில் அல்லது தொலைபேசியில் கணக்கு எண்ணை வாங்கி வையுங்கள். அனுப்பும் நாளிலும் மின்னஞ்சலில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அல்ல, உங்களிடம் முன்பே இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து உறுதிப்படுத்திவிட்டு அனுப்புங்கள்.